டெனோபோவிர் 300 மாத்திரை: எட்டு வருஷத்தில் எங்கப்பாவுக்கு என்ன செய்தது

எங்கப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி, ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார், வயது 61. எட்டு வருஷம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டெனோபோவிர் டைசோப்ராக்சில் 300 மில்லிகிராம் ஒன்று சாப்பிட்டார். லட்சக்கணக்கில் இருந்த வைரஸ் ஒன்றரை வருஷத்தில் டெஸ்டில் தெரியாத அளவுக்கு இறங்கியது, திரும்ப ஏறவே இல்லை. ஈரலைக் காப்பாற்றியதற்கு இந்த மாத்திரைக்கு முழு மார்க் கொடுப்பேன்.

குறை கிட்னியிலும் எலும்பிலும். ஆறாவது வருஷம் குதிகால் வலி வந்தது. நாளெல்லாம் தறியடியில் நிற்கிறவருக்குக் கால் வலிக்காதா என்று விட்டுவிட்டோம். அப்புறம் விலா, இடுப்பு என்று பரவி, டவுன் பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். எலும்பு டாக்டர் கால்சியம் எழுதினார். மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கி மாசக்கணக்கில் சாப்பிட்டார். இந்த மருந்தோடு அந்த மாதிரி வலி மாத்திரை சேர்ந்தால் கிட்னி கெடும் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, அது இன்னும் மனசு ஆறவில்லை.

கடைசியில் பிடிபட்டது சாதாரண மூத்திர டெஸ்டில். அதில் சர்க்கரை இரண்டு ப்ளஸ், ஆனால் வெறும் வயிற்று ரத்தத்தில் 94 தான், அதாவது நார்மல். கோயமுத்தூரில் கிட்னி டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததுமே பாஸ்பரஸ் பார்க்கச் சொன்னார். 1.7 வந்தது, 2.5-க்குக் கீழே போகக் கூடாதாம். "ஏனுங்க, இத்தனை வருஷத்துல ஒருக்காக்கூட இதைப் பாக்கலீங்களா?" என்றார். பார்க்கவில்லை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் மட்டும் எப்போதாவது பார்ப்பார்கள், அது ஆரம்பத்தில் நார்மலாகவே காட்டும்.

வடிகட்டின நீரிலிருந்து உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் குழாய்ச் செல்கள் கிட்னியில் இருக்கின்றன. மருந்து அங்கே சேர்ந்து அந்தச் செல்களைக் கெடுத்தால் பாஸ்பேட்டும் சர்க்கரையும் புரதமும் மூத்திரத்தில் போய்விடும், பாஸ்பேட் இல்லாத எலும்பு இளகிவிடும். இவ்வளவு தூரம் போவது கொஞ்சம் பேருக்குத்தான். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்கள், கிட்னியோ எலும்போ ஏற்கெனவே பலவீனமானவர்கள், இவர்களுக்கு வேறு மருந்தை யோசிக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2017-லேயே சொல்லியிருக்கிறது.

அப்பாவுக்கு அதே மருந்தின் வேறு வடிவமான டெனோபோவிர் அலாபெனமைடு 25 மில்லிகிராமுக்கு மாற்றினார்கள். மருந்து ஈரல் செல்லுக்குள் போய்ப் பிரிவதால், ரத்தத்தில் சுற்றும் டெனோபோவிர் பழையதைவிட 89 சதவீதம் குறைவு. கொழுப்பும் எடையும் கொஞ்சம் ஏறலாம் என்பதால் அதையும் பார்க்கிறோம். சிலருக்கு என்டகாவிர் கொடுப்பார்கள், அதை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், முன்னால் லாமிவுடின் என்ற பழைய மருந்தைச் சாப்பிட்டு அது கேட்காமல் போனவர்களுக்குச் சரிவராது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீங்க. வைரஸ் திரும்பக் கிளம்பி ஈரலையே செயலிழக்க வைத்துவிடும். அடுத்த தடவை போகும்போது கிரியாட்டினினோடு பாஸ்பரஸ், மூத்திரத்தில் புரதம், சர்க்கரை எல்லாம் எழுதச் சொல்லிக் கேளுங்க.

மாற்றி எட்டு மாசம் ஆகிறது. பாஸ்பரஸ் 2.9, மூத்திரத்தில் சர்க்கரை இல்லை, வைரஸும் அடங்கியே இருக்கிறது. போன வாரம் பாவு பிணைக்க உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழுந்தார். குதிகால் மட்டும் காலையில் எழுந்ததும் இன்னும் வலிக்கிறதாம்.