சக ஊழியருக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய லாகினைத் தொடாதீர்கள்

எட்டு மாதம் ஒருவனுடைய காய்ச்சலை நம்பினேன். முடிவில் எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அவன் கூடுதல் சம்பளத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டான். இதை எழுதினால் என் முட்டாள்தனமும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும். இதே வலையில் இப்போது யாராவது கால் வைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். சப்ளையர்களிடமிருந்து வரும் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் பிரிவு. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். எங்களில் இளையவன் ஒருவன் இருந்தான், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது. "அண்ணா, ராத்திரி முழுக்க காய்ச்சல், கண்ணே திறக்க முடியல" என்றான். அது நிஜமாகவே இருந்திருக்கலாம், அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. லீவு போட்டுவிட்டுப் படு, உன் வேலையை நாங்கள் பிரித்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். அதற்குத்தான் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. புரொபேஷன் இப்போதுதான் முடிந்திருக்கிறது, லீவு போட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார், அதனால் வீட்டிலிருந்து வேலை என்று பதிந்துகொள்கிறேன், நீங்கள் என் லாகினில் போய் இருபது பில்லை மட்டும் ஏற்றிவிடுங்கள் என்றான். பாஸ்வேர்டு செய்தியில் வந்தது. ஓடிபியைப் போனில் படித்துச் சொன்னான்.

கண்ணே திறக்க முடியாதவன் ஓடிபியை மட்டும் வந்த நொடியில் படிக்கிறானே என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உடம்பு முடியாதவனுக்கு உதவுகிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மூளை வேறு எதையும் கேட்பதில்லை.

அதன்பிறகு மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முதுகுப் பிடிப்பு, மறுபடி காய்ச்சல். பொய்யாக லீவு போடுகிறவர்களைத் திங்களும் வெள்ளியும் காட்டிக்கொடுத்துவிடும் என்பார்கள். இவன் படுத்ததெல்லாம் செவ்வாய், புதன், வியாழன். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஊர் சுற்றப் போகிறவன் வார நடுவில் ஏன் படுக்கிறான்? நேர்காணலுக்குப் போகிறவன் வார நடுவில்தான் படுப்பான் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போலி லீவு எடுப்பவன் கம்பெனியை ஏமாற்றுகிறான், நமக்கென்ன என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் இவன் லீவே எடுக்கவில்லை. சிஸ்டத்தைப் பொறுத்தவரை அந்த நாட்களில் அவன் வேலை பார்த்திருக்கிறான். பில்கள் அவன் பெயரில் ஏறியிருக்கின்றன, நேரத்துக்கு முடிந்திருக்கின்றன. அதே நாட்களில் என் பெயரில் ஏறிய பில்களின் எண்ணிக்கை பாதியாக இருந்தது. அரையாண்டு மதிப்பீட்டில் மேனேஜர் என்னிடம், "கொஞ்சம் வேகம் குறைஞ்சிருக்கே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று அக்கறையாகக் கேட்டார். என்ன சொல்வது? சிரித்துவைத்தேன்.

சரி, அதோடு போயிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ, மாதக் கடைசி. வழக்கம்போல அவன் லாகினில் பில்களை ஏற்றினேன். அதில் ஒரு பில் காகிதத்தில் வந்திருந்தது. அதே பில் இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலிலும் வந்து, அவன் அதை ஏற்றி, பணமும் போயிருந்தது. ஒரே பில் எண்ணை இரண்டாம் தடவை போட்டால் மென்பொருள் தடுத்துவிடும். ஆனால் அவன் எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு போட்டு ஏற்றியிருந்தான், நான் கோடு இல்லாமல் ஏற்றினேன். மென்பொருளுக்கு அது வேறு பில். நானே ஏற்றிய பில்லாக இருந்தால் பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்திருக்கும். அவன் ஏற்றியது எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் தடவை பணம் போய்விட்டது. அது திரும்பி வந்தும்விட்டது, அந்த சப்ளையர் நேர்மையானவர். ஆனால் தணிக்கை வந்தபோது இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று கிளம்பியது. பில்லை ஏற்றுபவர் ஒருவர், அதைச் சரிபார்த்து அனுமதிப்பவர் இன்னொருவர் என்பது பணம் புழங்கும் எந்த அலுவலகத்திலும் அடிப்படை விதி. மேக்கர், செக்கர் என்பார்கள். அவன் ஏற்றும் பில்களுக்கு செக்கர் யார்? நான்தான். அதாவது அவன் லாகினில் நானே ஏற்றி, என் லாகினில் நானே அனுமதித்திருக்கிறேன். இரண்டு லாகினும் ஒரே கணினியிலிருந்து, நாற்பது நிமிட இடைவெளியில். எழுதிப் பார்க்கும்போதே திருட்டு வேலை போலத்தான் இருக்கிறது. விசாரித்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் ஒரு மருத்துவச் சான்றிதழை நீட்டினான். வைரல் காய்ச்சல், மூன்று நாள் முழு ஓய்வு. அந்த மூன்று நாளில் நடு நாள்தான் பில் ஏறிய நாள். "நான் படுத்த படுக்கையா இருந்தேன், என் லாகினில் யார் போனாங்கன்னு தெரியல. அன்னைக்கு வீட்டிலிருந்து வேலைன்னு தெரியாம போட்டுட்டேன், அதை லீவா மாத்திக்கறேன்" என்றானாம்.

எட்டு மாதமாகப் பதிவேட்டில் தலைகாட்டாத நோய், அவனுக்குத் தேவைப்பட்ட அன்று தேதியோடு முத்திரையோடு வந்து உட்கார்ந்துகொண்டது. சான்றிதழில் இருந்த தேதி சரியாகத்தான் இருந்தது. அவன் அதைக் கொடுத்தது மூன்று வாரம் கழித்து என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பக்கம் என்ன இருந்தது? பாஸ்வேர்டு அனுப்பிய செய்திகளையெல்லாம் அவன் அன்றன்றே இரு பக்கமும் அழித்திருந்தான். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரிகள் மட்டும் வரிசையாக நின்றன. அவன் ஏன் அழிக்கிறான் என்று நான் ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. பாதுகாப்புக்காக இருக்கும் என்று நினைத்தேன். பாதுகாப்புதான், யாருக்கு என்பதில்தான் தவறிவிட்டேன். அழைப்புப் பட்டியலில் காலை ஏழு மணி அழைப்புகள் இருந்தன, ஆனால் என்ன பேசினோம் என்று அதில் இல்லையே. நல்லவேளையாக ஒரே ஒரு செய்தி தப்பியிருந்தது: "அண்ணா சீக்கிரம் போடுங்க, ஓடிபி எக்ஸ்பயர் ஆகிடும்." அதை அழிக்க மறந்திருக்கிறான். என் வேலை போகாமல் இருந்தது அந்த ஒரு வரியால்.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் என்று முடிவானது. என்னுடையதில் அடுத்தவர் லாகினைப் பயன்படுத்தியது, மேக்கர் செக்கர் விதியை மீறியது என்று இரண்டு குற்றம். அவனுடையதில் பாஸ்வேர்டைப் பகிர்ந்தது மட்டும். கடிதம் அச்சாகி வருவதற்குள் அவன் ராஜினாமா கொடுத்துவிட்டான். கடைசி நாளில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், புது இடத்தில் ஐந்து சுற்று நேர்காணல் வைத்தார்கள் என்று பெருமையாகச் சொல்லி, எந்தெந்தத் தேதி என்பதையும் உளறியிருக்கிறான். அவர் வந்து என்னிடம் சொன்னார். அழைப்புப் பட்டியலை எடுத்து ஒப்பிட்டேன். மூன்று தேதிகள் அப்படியே பொருந்தின. மீதி நாட்களில் நிஜமாகவே காய்ச்சல் இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எச்.ஆர். புதிதாக இரண்டு விதி கொண்டுவந்தார்கள். ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றாலும் சான்றிதழ் வேண்டும். அப்புறம், எல்லோருக்கும் பிராட்ஃபோர்டு மதிப்பெண் போடப்படும். இந்த இரண்டாவதைக் கேள்விப்படாதவர்களுக்கு: பிரிட்டனின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளியோடு சேர்த்துச் சொல்லப்படும் 1980களின் கணக்கு இது. ஓராண்டில் எத்தனை தடவை நோய் விடுப்பு எடுத்தீர்களோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களாலும் பெருக்க வேண்டும். நீண்ட ஒரே விடுப்பைவிட அடிக்கடி எடுக்கும் ஒற்றை நாள் விடுப்புதான் வேலையைக் கெடுக்கிறது என்பது அதன் தர்க்கம். அறுவை சிகிச்சைக்காக ஒருவர் ஒரே தடவையில் 20 நாள் எடுத்தால் அவருக்கு 20 தான்.

எங்கள் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார், அவருக்கு ஒற்றைத் தலைவலி. சும்மா தலைவலி என்று நினைத்துவிட வேண்டாம். மருந்து எடுக்காவிட்டால் ஒரு தாக்குதல் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீளும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, வாந்தி வரும். அது போன பிறகு ஆள் சாதாரணமாகத்தான் இருப்பார். அக்கா ஆண்டில் ஏழு தடவை, ஏழு ஒற்றை நாள் எடுத்திருந்தார். ஏழு பெருக்கல் ஏழு பெருக்கல் ஏழு, 343. தம்பியின் பதிவில் இருந்தது, பழைய ஒரு நாளும் அந்தச் சான்றிதழ் மூன்று நாளும். இரண்டு தடவை, நான்கு நாள். கணக்குப் போட்டால் 16. இந்தக் கணக்குப்படி எங்கள் பிரிவிலேயே அக்காதான் சந்தேகத்துக்குரியவர், அவன் உத்தமன்.

எச்.ஆர். கூட்டத்தில் இதை நான் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன் பேசுகிறான் என்ற பார்வையோடுதான் கேட்டார்கள். பிரிட்டனில் முதல் ஏழு நாளுக்கு ஊழியர் தானே எழுதிக்கொடுத்தால் போதும், மருத்துவர் சான்று அதற்கு மேல் போனால்தான். ஜெர்மனியில் சட்டப்படி மூன்று நாளைத் தாண்டினால்தான் சான்று கட்டாயம். நிறுவனம் விரும்பினால் முன்பே கேட்கலாம். காரணம் எளிது. ஒரு நாள் நோய்க்குத் தேவை தூக்கம், மருத்துவமனை வரிசை அல்ல. சான்றிதழ் வாங்கத் தெரிந்தவன் எப்படியும் வாங்கிவிடுவான் என்பதற்கு எங்கள் கோப்பிலேயே ஒரு தாள் இருக்கிறது. அக்காவின் விஷயத்தை மட்டும் தனியாகப் பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தபாடில்லை.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். யாராவது காலையில் கூப்பிட்டு உடம்பு சரியில்லை, என் வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் தாராளமாகப் பாருங்கள். ஆனால் உங்கள் லாகினில் பாருங்கள். அவரை மேனேஜருக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நிஜமாகவே முடியாதவர் இதற்குத் தயங்கமாட்டார். 'மேனேஜருக்குத் தெரிய வேண்டாம்' என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. உங்களுக்கு வந்த செய்தியை எதிராளி அழித்தால் ஏன் என்று கேளுங்கள்.

அதே சமயம் துப்பறியப் போகாதீர்கள். கோபத்தில் நானும் கொஞ்ச நாள் யார் லீவு போட்டாலும் அவர் கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேவலமான பழக்கம். நோரோவைரஸ் வந்தவர்கள் வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் 48 மணி நேரம் வேலைக்கு வரக்கூடாது என்பது மருத்துவ அறிவுரை. அந்த இரண்டு நாளில் தெருவில் பார்த்தால் யாரும் 'நல்லாத்தானே இருக்கார்' என்றுதான் சொல்வார்கள். அடுத்தவர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நம் பெயரில் எது ஏறுகிறது, அடுத்தவர் பெயரில் நாம் எதை ஏற்றுகிறோம் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் காலையில் கூப்பிட்டார். காய்ச்சல், குரலே வரவில்லை. பாஸ்வேர்டு அனுப்பட்டுமா அண்ணா என்று அவராகவே கேட்டார். ஐயோ வேண்டாம்மா என்றேன். நான் போட்ட சத்தத்தில் பயந்தே போயிருப்பார். மேனேஜருக்கு எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டார், அவர் பில்களை என் பெயரில் ஏற்றினேன், வேறொருவர் சரிபார்த்தார். என் எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் ஓராண்டு இருக்கும். இன்னும் நான்கு மாதம் பாக்கி.