கண்டிக் கடையொன்றில் முதல் கெக்கோ: எதை நம்பலாம், எதை ஏற்கக் கூடாது

கண்டி நகரில் ஊர்வன விற்கும் செல்லப்பிராணிக் கடையொன்றைப் பற்றி, முதன்முதலாகக் கெக்கோ என்ற பல்லி வகையை வளர்க்க விரும்பும் மலையகத்தவருக்காக இதை எழுதுகிறேன். விலங்குகளின் உடல்நலத்தைப் பொறுத்தவரை அந்தக் கடையை நம்பிப் போகலாம். ஆனால் எந்த இனத்தை வாங்குவது, எதனுடன் எதை வைப்பது என்பவை பற்றி அங்கே தரப்படும் ஆலோசனையை அப்படியே ஏற்க முடியாது.

அங்கே விற்கும் இனங்களில் ஒன்றான லெப்பர்ட் கெக்கோ தன் கொழுப்பை வாலில் சேமித்து வைப்பதால், வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் வாலைத்தான். இங்கிருந்தவற்றின் வால்கள் நன்கு தடித்திருந்தன. கண்கள் தெளிவாக இருந்தன. விரல்களில் உரியாத தோல் ஒட்டியிருக்கவில்லை. கேட்டவுடன் ஊழியர் என் முன்னாலேயே இரை கொடுத்துக் காட்டினார். இறக்குமதி அனுமதிப் பத்திரங்களையும் தயங்காமல் எடுத்து வைத்தனர். அவற்றைக் கேட்டுப் பார்ப்பது அவசியம். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் வாழும் நமது பகற்பல்லிகள் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை. அவற்றைப் பிடித்து வந்து யார் நீட்டினாலும் வாங்கக் கூடாது.

கடையின் முகப்பிலுள்ள பெரிய தொட்டியே என் கவலைக்குக் காரணம். அதில் லெப்பர்ட் கெக்கோவையும் கிரெஸ்டட் கெக்கோ என்ற இன்னொரு இனத்தையும் ஒன்றாக விட்டிருக்கிறார்கள். முன்னது தரையில் வாழும், பின்னது கிளையில் வாழும், ஆகவே சண்டை வராது என்பது அவர்கள் தரும் விளக்கம். சண்டை வராவிட்டாலும் இது தவறுதான். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் முதலிய நாடுகளின் வறண்ட பாறை நிலத்துக்குரிய லெப்பர்ட் கெக்கோவுக்கு, வயிற்றை வைத்துக் கிடக்க 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரை சூடான தரை வேண்டும். நியூ கலிடோனியாத் தீவின் ஈரக் காடுகளிலிருந்து வந்ததும், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994ஆம் ஆண்டில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதுமான கிரெஸ்டட் கெக்கோவோ 22 முதல் 26 பாகை வரையிலான சூட்டையும் இரவில் தெளிக்கும் நீரையும் நாடுவது. 28 பாகையைத் தாண்டினால் தளர்ந்துவிடும். ஒரே தொட்டியில் இரண்டையும் திருப்தி செய்ய வழியில்லை. அத்துடன் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி, வெளியில் நோய்க்குறி எதுவும் தெரியாத விலங்கின் எச்சத்தின் வழியாகக்கூட மற்றதற்குத் தொற்றக்கூடும். அதற்கு உறுதியான மருந்து இல்லை. கிரெஸ்டட் கெக்கோ பயந்து வாலை உதிர்த்தால் அது மீண்டும் வளர்வதுமில்லை. ஒரே இனமானாலும் இரண்டு ஆண்களைச் சேர்த்து வைக்கக் கூடாது.

இன்னொரு குறை, வாங்குபவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று எவரும் கேட்காததாகும். கண்டியிலும் கம்பளையிலும் சாதாரண அறை வெப்பமே கிரெஸ்டட் கெக்கோவுக்குப் பெரும்பாலும் போதும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, ஆண்டின் தொடக்க மாத இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே எந்த இனமானாலும் சூடேற்றியே ஆக வேண்டும். கடையில் ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பை மட்டும் கொடுத்து, அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை விரும்பினால் வாங்கலாம் என்கிறார்கள். கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும் என்பதால், தெர்மோஸ்டாட் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். மழைக்காலத்து மின்வெட்டின்போது சூடு குறையாமல் வைத்திருக்க ஒரு ரெஜிபோர்ம் பெட்டியும் தயாராக இருக்கட்டும்.

என் தெரிவு கிரெஸ்டட் கெக்கோதான். ஆனால் அதற்கான பழமாவு உணவு கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கிடைக்காதென்றால் லெப்பர்ட் கெக்கோவே உகந்தது. அதற்கான பூச்சிகளைக் கடையிலேயே பெருக்கி விற்கிறார்கள், கல்சியம் தூளும் எப்போதும் இருக்கிறது. இரண்டுமே நன்றாகக் கவனித்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை என்பதால், இந்த விசாரிப்புக்குச் செலவாகும் நேரம் வீண்போகாது.

வாங்கும்போது முகப்புத் தொட்டியை விட்டுவிட்டு, உள்ளறையில் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பவற்றைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கெக்கோ இருந்தால், புதியதை மூன்று மாதங்களாவது வேறு அறையில், வேறு இடுக்கியும் வேறு நீர்க்கிண்ணமும் கொண்டு பராமரித்து, அதன் எச்சத்தை மிருக வைத்தியரிடம் கொடுத்துப் பரிசோதியுங்கள். அதன் பின்னரும் தொட்டிகள் இரண்டாகவே இருக்க வேண்டும்.