ரோலர் கேம்ஷாஃப்டுக்கு எந்த மசகு? எஞ்சின்களைத் திரும்பத் திறந்து பார்த்த அனுபவம்

புஷ்ராடு வகை எஞ்சின்களில் (நீண்ட தண்டுகள் வழியாக வால்வுகளைத் திறப்பவை) ரோலர் கேம்ஷாஃப்ட், அதாவது சக்கரம் வைத்த டேப்பட்டுகளோடு ஓடும் வால்வுத் தண்டு, பொருத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நான் பூட்டிய எஞ்சின்கள் வேறு காரணங்களுக்காகத் திரும்பி வந்து, அவற்றை மறுபடி திறந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்திருக்கிறது. பொருத்தும் நாளில் எதைத் தடவினோம், அது உள்ளே என்ன செய்தது என்பதை இப்படித் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

டேப்பட் என்பது கேம்ஷாஃப்டில் மேடாக உள்ள லோப்பின் அசைவைப் புஷ்ராடுக்குக் கடத்தும் பாகம். சக்கரம் இல்லாத தட்டை டேப்பட் எஞ்சின்களில் வேலை பழகியவர்களுக்கு, கேம்ஷாஃப்ட் என்றாலே மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருப்புப் பசையைக் கையில் எடுப்பது வழக்கம். அந்த எஞ்சின்களுக்கு அது மிகச் சரி. டேப்பட்டின் அடிப்பகுதி லோப்பின் மீது வழுக்கிச் செல்கிறது. தொடும் இடம் மிகச் சிறியது, அழுத்தமோ மிக அதிகம். அதனால்தான் அங்கே பசையும், துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய ஜிங்க் சேர்மானம் கூடுதலாக உள்ள எண்ணெயும், முதன்முறை ஓட்டும்போது 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 20 முதல் 30 நிமிடம் ஓட்டும் முறையும் தேவைப்படுகின்றன. ரோலர் டேப்பட்டில் சக்கரம் லோப்பின் மீது உருண்டு செல்வதால் இத்தகைய பழக்க ஓட்டம் கேம்ஷாஃப்டுக்குத் தேவையில்லை.

அந்தச் சக்கரத்தின் உள்ளே ஊசி ஊசியாகச் சிறு உருளைகள் கொண்ட நீடில் பேரிங் இருக்கிறது. கெட்டியான பசை அங்கே புகுந்தால் எண்ணெய் உள்ளே செல்லும் வழி அடைபடுகிறது. சக்கரம் தாராளமாகச் சுழலாமல், உருள வேண்டிய இடத்தில் சறுக்கவும் கூடும். லோப்பிலிருந்து கழன்று வரும் மிச்சப் பசை எண்ணெயோடு கலந்து ஃபில்டரை அடைகிறது. பிறர் பசை பூசிப் பூட்டிய ஓர் எஞ்சினின் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது, காகிதத்தின் மீது சாம்பல் நிறப் படலம் விரலில் ஒட்டும் அளவுக்குப் படிந்திருந்தது. சாதாரண வீல் பேரிங் கிரீஸ் இதைவிட மோசம். அது எஞ்சின் எண்ணெயில் எளிதில் கரைவதே இல்லை.

ஆகவே லோப்புகளிலும் சக்கரங்களிலும் நான் பயன்படுத்துவது சுத்தமான எஞ்சின் எண்ணெய், அல்லது எண்ணெயில் முழுதும் கலந்துவிடும் திரவ அசெம்பிளி லூப் (பூட்டும்போது தடவும் மசகு). புது டேப்பட்டுகளின் மேல் உள்ள துருத்தடுப்புப் பூச்சைக் கழுவிவிட்டு, நீடில் பேரிங் முழுவதும் நனையும்படி எண்ணெயில் ஊறவைக்கிறேன். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் விரல் நுனியால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறேன். ஓரிடத்தில் லேசாகச் சிக்கினாலும் அந்த டேப்பட்டை எஞ்சினுக்குள் விடுவதில்லை. கேம்ஷாஃப்ட் பேரிங்குகளில் அமரும் ஜர்னல் பகுதிகளுக்கும் இதே திரவ லூப் போதும்.

எண்ணெயா, அசெம்பிளி லூப்பா என்பதைத் தீர்மானிப்பது, எஞ்சின் எப்போது முதன்முறை ஓடப்போகிறது என்பதுதான். ஓரிரு நாளில் ஓடும் என்றால் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் ஸ்டாண்டிலேயே நிற்கப்போகிறது என்றால் வெறும் எண்ணெய் வடிந்துவிடும். சற்றே ஒட்டும் தன்மையுள்ள லூப் அங்கேயே நிற்கும். நீண்ட நாள் கழித்து இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்த எஞ்சினில், லோப்பின் மேல் படலம் அப்படியே இருந்ததைக் கண்டபின் இதில் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. எதைத் தடவினாலும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்பைத் தனியாகச் சுழற்றி, வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் வரை எண்ணெய் வருவதைக் கண்ணால் பார்த்துவிடுவது மிக அவசியம்.

பசையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். தீப்பொறி மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கியரும் அதை ஓட்டும் கேம்ஷாஃப்ட் கியரும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன; அந்தப் பற்களுக்கு மாலிப்டினம் பசை கட்டாயம் வேண்டும். புஷ்ராடு முனைகளிலும் மெல்லியதாகத் தடவலாம். எஃகுக் கட்டியிலிருந்து கடைந்த ஸ்டீல் பில்லெட் கேம்ஷாஃப்ட் என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் கியர் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்று கேம் தயாரிப்பாளர் சொல்வதையும் பார்க்க வேண்டும். பொருந்தாத வார்ப்பிரும்புக் கியர் சீக்கிரம் தேய்ந்துபோவதை எந்தப் பசையாலும் தடுக்க முடியாது.

ஓடும் எண்ணெயைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏபிஐ எஸ்பி என்ற எஞ்சின் எண்ணெய்த் தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு உள்ளது. தட்டை டேப்பட்டுக்கு இது கவலைக்குரியது. சாதாரண வால்வு ஸ்பிரிங்குடன் ஓடும் ஹைட்ராலிக் ரோலருக்கு (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை) இதில் குறையேதும் நான் கண்டதில்லை. திறந்து பார்த்த லோப்புகளில் சக்கரம் ஓடிய தடம் பளபளப்பாக மட்டுமே இருந்தது, குழியோ கீறலோ இல்லை. கடினமான ஸ்பிரிங் போட்ட, அந்த வசதி இல்லாத சாலிட் ரோலரில் நிலைமை வேறு. பல வடிவமைப்புகளில் அதன் நீடில் பேரிங் தெறிக்கும் எண்ணெயை நம்பியே இருப்பதால், நீண்ட நேரம் ஐடிலில் விடுவதை நான் அனுமதிப்பதில்லை. ஜிங்க் கூடுதலாக உள்ள எண்ணெயையே ஊற்றுகிறேன்.

புது பிஸ்டன் ரிங் போட்ட எஞ்சினில் பிரேக்-இன் எண்ணெய் (முதல் ஓட்டத்துக்கானது) தேவைப்படுவது ரிங்குகள் படிவதற்காக. அந்த எண்ணெயை விரைவில் மாற்றும்போது ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்: காந்தத்தில் ஒட்டும் மெல்லிய ஊசித் துண்டுகள் தென்பட்டால், எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் டேப்பட்டுகளை வெளியே எடுத்துவிட வேண்டும்.