ஏபிஎஃப்ஓ 2 அளவுகோல்: குண்டுக் காயத்தைப் படமெடுப்பவர்கள் வாங்கலாமா?

தடயவியல் நோய்க்குறியியலுக்கு, அதாவது மரணத்தின் காரணத்தைக் கண்டறியப் பிரேதப் பரிசோதனை செய்யும் துறைக்கு, வரும் இளம் டாக்டர்கள் கேமராவுக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். காயத்தின் அருகில் வைக்கும் அளவுகோலுக்கு மட்டும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஏதாவதொரு போட்டோஸ்டேட் கடையில் தாளில் அச்சடித்து லேமினேட் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஏபிஎஃப்ஓ 2 என்ற அசலையே வாங்குங்கள்.

ஏபிஎஃப்ஓ என்பது அமெரிக்கப் பல் தடயவியல் வாரியத்தின் ஆங்கிலச் சுருக்கம். பற்கடித் தடங்களுக்காக 1980களில் உருவான ‘எல்’ வடிவ பிளாஸ்டிக் அளவுகோல் இது. இரு கைகளிலும் மில்லிமீட்டர் கோடுகள், மூன்று வட்டங்கள், வெளிச்சத்தைச் சரிபார்க்கச் சாம்பல் நிறக் கட்டங்கள். படத்தில் வட்டம் முட்டை வடிவமானால் கேமரா சாய்ந்திருக்கிறது. உடனே மறுபடி எடுக்க வேண்டும்.

வீட்டுப் பிரிண்டர் பக்கத்துக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கிவிடும். அப்போது 100 மி.மீ. என்று எழுதியிருக்கும் கோடு உண்மையில் 97தான் இருக்கும். எந்த நகலையும் காலிப்பரால் (துல்லியமாக அளக்கும் கருவி) அளந்து பார்த்த பிறகே தொடுங்கள். லேமினேட் பளபளப்பில் ஃபிளாஷ் பட்டால் கோடுகளே மறைந்துவிடும்.

மூன்று மில்லிமீட்டரா பெரிது? பெரிதுதான். தோல் இழுபட்டுச் சுருங்கும் என்பதால் துளையின் அகலத்தை வைத்துத் தோட்டாவின் விட்டத்தைச் சொல்லக் கூடாது. ஆனால் துளையைச் சுற்றி வெடிமருந்துத் துகள்கள் குத்திய புள்ளிகள் இருக்கின்றனவே, அவற்றின் பரவல்தான் சுட்ட தூரத்தைக் காட்டும். அதே துப்பாக்கியாலும் அதே ரகத் தோட்டாவாலும் பல தூரங்களில் சுட்டுப் பார்த்து அந்தப் பரவலோடு ஒப்பிடுவார்கள். அளவு பிசகினால் தூரமும் பிசகும்.

முதல் படம் கழுவாமல், அளவுகோல் இல்லாமல். அடுத்தது அளவுகோலுடன், பிறகு கழுவியதும் இன்னொன்று. புகைக்கரி கழுவினால் போய்விடும், குத்திய புள்ளிகள் போகா. அளவுகோலைக் காயத்தின் அதே மட்டத்தில் வையுங்கள். உயர்ந்திருந்தால் காயம் சிறிதாகத் தெரியும். கரியில் உரசவும் கூடாது. துப்பாக்கிச் சட்டம் கடுமையான நம் நாட்டில் இப்படிப்பட்ட உடல்கள் அடிக்கடி வருவதில்லை. தகனம் முடிந்தபின் படத்தைத் திருத்தவும் வழியில்லை.

இதன் குறை, வளைந்த இடங்களில் படியாது. காதுக்குப் பின்புறம், அக்குள், உச்சந்தலை ஆகியவற்றுக்கு ஒட்டும் சிறு அளவுப்பட்டையும் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு உடலுக்குப் பிறகும் கிருமிநாசினியில் துடைத்துத் தண்ணீரில் அலச வேண்டும். கோடு மங்கத் தொடங்கினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.