ஷேர் கோடா, பழைய முத்திரையா, ஹோம் ஆபீஸ் பதிலா? பிரிட்டனில் எது செல்லும்

பிரிட்டனில் வேலைக்குச் சேரும்போது எச்.ஆர். முதலில் கேட்பது விசா ஆதாரத்தைத்தான். வேலை செய்யும் உரிமை இருப்பது வேறு, அதை விதிப்படி காட்டுவது வேறு. உரிமையில்லாத ஒருவரைச் சரிபார்க்காமல் வேலைக்கு வைத்தால், முதல் முறையே 45,000 பவுண்டு வரை அபராதம் என்று 2024 பிப்ரவரியில் உயர்த்திவிட்டார்கள். அதனால் சிறு சந்தேகம் வந்தாலும் ஆஃபர் நின்றுவிடும்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்று இ-விசாவும் (ஆன்லைனில் உள்ள விசாப் பதிவு), அதை நிறுவனம் பார்க்க நீங்கள் தரும் ஷேர் கோடும்தான் வழி. பிளாஸ்டிக் பி.ஆர்.பி. கார்டை (முன்பு தந்த வதிவிட அட்டை) வேலைக்கான ஆதாரமாக ஏற்பதை 2022 ஏப்ரல் 6-லேயே நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலான கார்டுகள் 2024 டிசம்பர் 31-உடன் காலாவதியும் ஆகிவிட்டன. யு.கே.வி.ஐ. (பிரிட்டன் விசா, குடியேற்றத் துறை) கணக்கில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி கொடுத்து, போனுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைப் போட்டு நுழைந்தால், 9 எழுத்தும் எண்ணுமான கோட் கிடைக்கும். 90 நாள் செல்லும், அதற்குள் எத்தனை பேருக்கும் கொடுக்கலாம்.

முதல் எழுத்தைக் கவனியுங்கள். வேலைக்கு டபிள்யூ, இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு ஆர், மற்றவற்றுக்கு எஸ். ஆர் கோடை எச்.ஆரிடம் கொடுத்தால் அவர்கள் பக்கத்தில் திறக்காது. இ-விசா பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும் வீண். கோடையும் பிறந்த தேதியையும் போட்டு, திரையில் வரும் படத்தை உங்கள் முகத்தோடு அவர்களே ஒப்பிட்டால்தான் அது சரிபார்ப்பு.

இந்த வழியின் பலவீனம் போனும் பாஸ்போர்ட்டும். ஊருக்குப் போய் பிரிட்டன் சிம்மைக் கழற்றிவிட்டு, பழைய கல்லூரி மின்னஞ்சலும் மூடப்பட்டிருந்தால், குறியீடு வர வழியே இல்லை. புதுப் பாஸ்போர்ட் எடுத்ததும் அதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காமல் போனால் சென்னையிலோ கொழும்பிலோ செக்-இன் கவுண்டரில் உங்கள் விசா விமான நிறுவனத்தாருக்குத் தெரியாமல் போகலாம். பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அப்பா பெயரும் தன் பெயரும் இடம் மாறுவது நம்மவர்களுக்கு வழக்கமான தொல்லை. தவறிருந்தால் பயணத்துக்கு முன்பே ஆன்லைனில் திருத்தக் கேளுங்கள்.

80, 90-களில் இலங்கையிலிருந்து வந்து நிரந்தர வதிவிடம் பெற்ற பலரிடம் இன்னும் பாஸ்போர்ட் முத்திரைதான் இருக்கிறது. அந்த உரிமை போய்விடவில்லை. ஆனால் வேலைக்குக் காட்ட, முத்திரை உள்ள பாஸ்போர்ட்டே நடப்பில் இருக்க வேண்டும். காலாவதியான பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையை ஏற்க மாட்டார்கள். ஹோம் ஆபீஸின் (பிரிட்டன் உள்துறை) பழைய நிரந்தர வதிவிட ஆவணத்தை, அது நடப்பில் இருந்தால், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் உள்ள அரசுத் தாளோடு காட்டலாம். இவர்களுக்கு எங்கள் யோசனை ஒன்றே: வேலை மாறும் நெருக்கடி வரும்வரை காத்திராமல் இருக்கும் நிரந்தர வதிவிடத்தை உறுதி செய்யும் ‘நோ டைம் லிமிட்’ விண்ணப்பம் போட்டு இ-விசாவுக்கு மாறுங்கள். கட்டணம் இல்லை. கவுன்சில் டாக்ஸ், பி60 (சம்பளம், வரி காட்டும் ஆண்டுச் சான்று), மருத்துவமனைக் கடிதம் என்று இங்கே தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்டும் தாள்களை ஆண்டுவாரியாக அடுக்குங்கள், சேகரிக்கத்தான் நாளாகும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இடையில் தொடர்ச்சியாக 2 ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் வதிவிட உரிமையே போயிருக்கலாம். அப்படியானால் முதலில் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

விசா முடியும் முன்பே நீட்டிக்க விண்ணப்பித்து, முடிவு வராதவர்களுக்கு ஷேர் கோட் கிடைக்காமல் போகலாம். பழைய விசாவின் உரிமை முடிவு வரும்வரை தொடரும். ஆனால் அதை நீங்களே நிரூபிக்க முடியாது. நிறுவனம்தான் ஹோம் ஆபீஸின் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸில் (நிறுவனங்களுக்கான சரிபார்ப்புச் சேவை) கேட்க வேண்டும். ஏற்கெனவே அங்கே வேலை செய்பவர் என்றால், விசா முடிந்த தேதியிலிருந்து 28 நாள் அவகாசம் உண்டு. விண்ணப்பம் போட்ட தேதி தெரியும் ரசீதை அன்றே எச்.ஆருக்கு அனுப்புங்கள். சாதகமான பதில் வந்தால் அது 6 மாதம் செல்லும். அதற்குப் பிறகும் முடிவு வரவில்லை என்றால் நிறுவனம் மீண்டும் கேட்க வேண்டும், அந்தத் தேதியை நீங்களும் குறித்து வைத்து நினைவூட்டுங்கள்.