நண்பரிடம் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டப் பழக்கும் ஒரு நாள் பயிலரங்கு

நெருங்கிய நண்பரின் நடத்தையில் காணும் முரண்பாட்டை, அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வது எப்படி என்பதற்காகச் சென்னையில் நடத்தப்பட்ட ஒரு நாள் பயிலரங்கில் அண்மையில் கலந்துகொண்டேன். அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க் 1960-களில் உருவாக்கத் தொடங்கிய வன்முறையற்ற தொடர்பாடல் முறையே அதன் அடிப்படை. கண்டதைச் சொல்லி, அதனால் உண்டான உணர்வையும் அதற்குப் பின்னுள்ள தேவையையும் தெரிவித்து, இறுதியில் ஒரு வேண்டுகோளை முன்வைப்பது என்று அம்முறை நான்கு படிகளாக அமைந்தது.

கொடுத்த கட்டணத்துக்கான பயன் முதல் படியிலேயே கிடைத்துவிட்டது. தனியே பேசும்போது அக்கறை காட்டிவிட்டு, நான்கு பேர் கூடிய இடத்தில் கேலி செய்யும் நண்பரை எடுத்துக்காட்டாகக் கொண்டார்கள். “நீ ஆளுக்குத் தகுந்தாற்போல் மாறுகிறாய்” என்று நாங்கள் எழுதியதைப் பயிற்றுநர் அடித்துவிட்டு, கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் எழுதச் சொன்னார். “கடை தொடங்கப் போவதாகத் திங்களன்று சொன்னபோது நல்ல யோசனை என்றாய், சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அதையே சொல்லிச் சிரித்தாய்” என்று மாற்றி எழுதியதும், அந்த நண்பரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு விலகி, அவர் விளக்கம் சொல்வதற்கு இடம் பிறந்ததைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது.

உணர்வைச் சொல்லும் பகுதியும் நன்று. “ஏமாற்றப்பட்டதாக உணர்கிறேன்” என்பது எதிரில் இருப்பவரை ஏமாற்றுக்காரராக்கிவிடும் என்றும், “குழப்பமாகவும் வருத்தமாகவும் இருந்தது” என்றாலே போதும் என்றும் தெளிவாக விளக்கினார்கள்.

தேவையைச் சொல்லும் படியில்தான் பயிலரங்கு சறுக்குகிறது. “எனக்கு மரியாதை தேவைப்படுகிறது” என்று நம்மில் யாரும் நண்பரிடம் பேசுவதில்லை, “அவங்க முன்னாடி நீயே இப்படிச் சொன்னா, நான் வேற யார்கிட்ட போவேன்?” என்றுதான் கேட்போம். அந்தக் கேள்வியில் தேவையும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. கையேட்டில் இத்தகைய பேச்சுக்கு இடமே இல்லை. அண்ணா என்று அழைத்துப் பழகிய மூத்த நண்பரிடம் இதை எப்படித் தொடங்குவது என்று ஒருவர் கேட்டதற்கும் சரியான பதில் வரவில்லை. “அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?” என்று முதலில் இசைவு பெறும் நம் வழக்கத்தையே அங்கே பயிற்சியாகத் தந்திருக்கலாம்.

இரண்டிரண்டு பேராக அமர்ந்து பேசிப்பார்க்கும் பயிற்சியை மாலையில் அவசரமாக முடித்துவிட்டார்கள். அடுத்த முறை அதை மதிய உணவுக்கு முன்பே தொடங்கினால், வேண்டுகோள் வைக்கும் கடைசிப் படிக்கும் உரிய நேரம் கிடைக்கும்.