வைஃபை மக்கர் பண்ணா எத எடுக்கறது: டிசிபிடம்ப்பா, வயர்ஷார்க்கா, மானிட்டர் மோடா?

லினக்ஸ் லேப்டாப்புல வைஃபை படுத்துச்சுன்னா நம்ம பசங்க மொதல்ல தெறக்கறது வயர்ஷார்க் (நெட்ல போற வர பாக்கெட்ட புடிச்சு காட்டற சாஃப்ட்வேர்) தான், கலர் கலரா பாக்கெட் ஓடும், ஒரு மணி நேரம் பாத்தாலும் கார்டுல என்ன கோளாறுன்னு தெரியாது. ஏன்னா சாதாரண மோட்ல டிரைவர் வைஃபை ஹெடர கழட்டி போட்டுட்டு ஈதர்நெட் பாக்கெட் மாதிரி மாத்தி தான் மேல குடுக்கும், ரவுட்டர் நம்மள துண்டிச்சு விட்ட ஃப்ரேமெல்லாம் அதுல வரவே வராது.

கமாண்ட் லைன்ல அதே வேலய செய்யற டிசிபிடம்ப்பும் இதே லிமிட் உள்ளது தான், ரெண்டுக்கும் அடியில ஓடறது லிப்பிகேப்னு ஒரே லைப்ரரி. ஆனா பழைய 4 ஜிபி மெஷின்ல ராத்திரி பூரா ஓட விடணும்னா டிசிபிடம்ப் தாங்க, ஃபைல் இவ்ளோ பெருசானா அடுத்த ஃபைலுக்கு போன்னு சொல்லி விட்டுட்டு தூங்கிடலாம், காலைல அந்த ஃபைல வயர்ஷார்க்ல தெறந்து நிதானமா பாக்கலாம். கனெக்ட் ஆகுது, ஐபி மட்டும் வரலன்னா ஐபி குடுக்கற டிஎச்சிபி பேச்சு நடக்கற 67, 68 போர்ட்ட மட்டும் புடிச்சா போதும். இங்க ஒரு ஏமாத்து வேல இருக்கு, டிஸ்கவர் (ஐபி குடுன்னு லேப்டாப் கேக்கற மொத பாக்கெட்) திரையில தெரிஞ்சா காத்துல போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பாக்கெட்ட கார்டு கையில குடுக்கறப்பவே டிசிபிடம்ப் காப்பி எடுத்துடும். போச்சா இல்லயான்னு இன்னொரு காது கேட்டு சொன்னா தான் உண்டு.

அந்த காது தான் மானிட்டர் மோட், எதுலயும் கனெக்ட் ஆகாம காத்துல போற வைஃபை ஃப்ரேம அப்படியே கேக்கற மோட். லேப்டாப்போட சொந்த கார்டயே அதுக்கு மாத்துனா பொதுவா கனெக்‌ஷன் போயிடும், அதனால வேற ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வேணும், அதயும் நம்ம ரவுட்டர் இருக்கற சேனல்லயே வைக்கணும். கிருஷ்ணகிரி பழையபேட்டை மாதிரி சுவரோட சுவர் ஒட்டின வீடுங்கள்ல இத ஆன் பண்ணா ஒவ்வொரு ரவுட்டரும் செகண்டுக்கு பத்து பீக்கன் (நான் இருக்கேன்னு சொல்ற ஃப்ரேம்) அனுப்பி திரையே ரொம்பிடும், நம்ம மேக் அட்ரஸ (கார்டோட அடையாள நம்பர்) வெச்சு வடிகட்டிக்கணும். அப்புறம் பாருங்க, துண்டிக்கற ஃப்ரேம யாரு அனுப்புனாங்க, ரீசன் கோட் என்ன (15ன்னா பாஸ்வேர்ட் கைகுலுக்கல்ல டைம் முடிஞ்சு போச்சு), ரீட்ரை பிட் (திரும்ப அனுப்புனதுன்னு காட்டற குறி) எத்தன ஃப்ரேம்ல இருக்கு, எல்லாம் புட்டு புட்டு வெக்கும். டிபிஎம் (சிக்னல் பலம்) அளவ மட்டும் நம்பிடாதீங்க, அது டாங்கிளுக்கு கேட்ட சத்தம், லேப்டாப்புக்கு கேட்டது இல்ல.

என்னய கேட்டா இது மூணுக்கும் முன்னாடி டிமெசேஜ் (dmesg, கெர்னல் லாக்க காட்டற கமாண்ட்) ஒரு தடவ பாத்துடுங்க. அதுல 'பை லோக்கல் சாய்ஸ்'னு இருந்தா துண்டிச்சது நம்ம லேப்டாப்பே தான், ரவுட்டர திட்டி பிரயோஜனம் இல்ல. லாக்ல ஒண்ணும் இல்லாம நெட் மட்டும் நின்னு நின்னு வருதா, வைஃபை கார்டோட பவர் சேவ ஆஃப் பண்ணி பாருங்க, சில பேருக்கு அதுலயே சரியாயிடும், காசும் மிச்சம். அதுக்கும் அடங்கலன்னா தான் டாங்கிள்.

வாங்கறதுன்னா ஏத்தெரோஸ் ஏஆர்9271 சிப் லினக்ஸ்ல தொந்தரவு இல்லாம ஓடும், ஆனா 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தான், உங்க வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்தா அதுக்கு காதே கேக்காது. தர்மபுரி நாலு ரோடு பக்கம் கடைங்கள்ல சிப் பேர சொல்லி கேட்டா முழிப்பாங்க, லேப்டாப்ப கையோட எடுத்துட்டு போய் சொருகி எல்எஸ்யூஎஸ்பி (சொருகின யூஎஸ்பி சாமான் பட்டியல காட்டற கமாண்ட்) போட்டு 9271ன்னு வருதான்னு பாத்துட்டு காச குடுங்க.